கோர்வ்டேலில் மூன்று நாட்கள்: ஒரு பாராமோட்டார் வார இறுதி

ஜூன் 14, 2024, வெள்ளி இரவு

கூடாரத்துக்குள் தலைவிளக்கின் வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். வெளியே மழை என்று சொல்லத் துணிய முடியாத ஒரு மழை பெய்துகொண்டிருக்கிறது. செங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் இதைச் சாரல் என்று எழுதிவிடக் கை துடிக்கிறது. ஆனால் ஆனி பிறக்கும் இந்த நேரத்தில் மலையைத் தாண்டி எங்கள் ஊருக்கு வருகிற சாரலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. காற்று எந்தப் பக்கமிருந்து வீசும் என்பது அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். இங்கே, இங்கிலாந்தில் வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ரொப்ஷயர் மாவட்டத்தில், நான் வண்டியை நிறுத்திய பிற்பகல் 3 மணியிலிருந்து இப்போது வரை காற்று நான்கு திசைகளிலிருந்தும் ஒருமுறை வீசிப் பார்த்துவிட்டது.

நான் வந்திருப்பது பாராமோட்டார் ஓட்டுபவர்கள் கூடும் ஒரு வார இறுதிக்கு. ஒரு பெரிய மின்விசிறியைக் கூண்டோடு முதுகில் கட்டியதுபோல் இருக்கும் இயந்திரத்தைச் சுமந்துகொண்டு, பாராகிளைடரின் துணி இறக்கையைத் தலைக்கு மேலே எழுப்பி, பத்துப் பதினைந்து எட்டு ஓடினால் ஆகாயத்தில் இருக்கலாம் என்பதுதான் இந்த விளையாட்டின் சுருக்கம். என்னுடையது 185 சி.சி. விட்டோராசி மோஸ்டர், பெட்ரோல் ஊற்றாமலே ஏறத்தாழ 25 கிலோ இருக்கும். காலால் ஓடிக் கிளம்பும் பாராமோட்டாருக்கு இந்த நாட்டில் உரிமம் தேவையில்லை, வான்வெளி விதிகளுக்குக் கட்டுப்பட்டால் போதும் என்று சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை. அரசாங்கம் கேட்காத கேள்வியையெல்லாம் காற்று கேட்டுவிடுகிறது. இந்த இறக்கையின் வேகமே மணிக்கு 40 கிலோமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். எதிர்க்காற்றும் அதே வேகத்தில் வந்தால் இயந்திரம் முழு விசையில் உறுமிக்கொண்டிருக்கும்போதே அந்தரத்தில் நின்ற இடத்தில் நிற்போம். அதற்கு மேல் வந்தால் பின்னோக்கிப் போவோம். நாற்பத்துச் சொச்சம் முறை மட்டுமே பறந்திருக்கும் எனக்குப் பயிற்சியாளர் விதித்த வரம்பு மணிக்கு 10 மைல் காற்று. ஓட்டுநர்கள் நாளில் பெரும்பகுதியை காற்றின் திசையைக் காட்டும் துணிக்குழாயான விண்ட்சாக்கைப் பார்த்தே கழிப்பதும், அதற்கு 'பாராவெயிட்டிங்' என்று தங்களுக்குள் ஒரு பெயர் வைத்திருப்பதும் இதனால்தான்.

இடம் அழகானது. மேற்கே வென்லாக் எட்ஜ் என்ற நீண்ட சுண்ணாம்புக்கல் மேடு, கிழக்கே கிளீ குன்றுகள், நடுவில் கோர்வ் ஆறு ஓடும் பள்ளத்தாக்கில் ஒரு விவசாயியின் மேய்ச்சல் நிலம். தெற்கே தெரியும் டிட்டர்ஸ்டோன் கிளீ குன்றின் உச்சியில், வடித்த சோற்றைக் கிண்ணத்தில் அழுத்திக் கவிழ்த்தாற்போல் ஒரு வெள்ளைக் கும்மட்டம் இருக்கிறது. வானிலைத் துறையின் மழை ரேடார் அங்கேதான் இருக்கிறது. நாடெங்கும் மழையைக் கண்டு சொல்லும் கருவிகளில் ஒன்று கண்ணெதிரே இருக்க, அதன் காலடியில் அறுபது பேர் நாளைக் காலை மழை வருமா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மூன்று இரவுக்குக் கூடாரம் போட 30 பவுண்டு வாங்கினார்கள். பவுண்டுக்கு ஏறத்தாழ 105 ரூபாய் என்று பெருக்கும் பழக்கத்தைப் பத்து ஆண்டுகளாகியும் விட முடியவில்லை. அந்தப் பணத்துக்கு ஒரு குடிநீர்க் குழாய், நான்கு நடமாடும் கழிப்பறைகள், ஒரு கொட்டகை ஆகியவை கிடைத்தன. மாலைக் கூட்டத்தில் ஒரு வரைபடத்தைத் தொங்கவிட்டு, குதிரை லாயங்கள் இருக்கும் இடங்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டுக் காட்டினார்கள். இயந்திரச் சத்தத்துக்குக் குதிரை மிரண்டு யாரையாவது தள்ளிவிட்டால் அடுத்த ஆண்டு இந்த வயல் கிடைக்காது என்று ஏற்பாட்டாளர் சொன்னபோது மட்டும் அவருடைய குரலில் வேடிக்கை இல்லை.

காற்று அடங்காததால் யாரும் இறக்கையை விரிக்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பக்கத்துக் கிராமத்து மதுக்கடைக்குப் போனோம். ஐரோப்பியக் கோப்பைக் கால்பந்தின் முதல் ஆட்டம் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. ஜெர்மனி ஸ்காட்லாந்தை 5-1 என்று துவைத்து எடுத்தது. ஸ்காட்லாந்து தோற்பதில் ஆங்கிலேயருக்கு இத்தனை மகிழ்ச்சியா என்று எனக்கு வியப்பாக இருந்தது. அதையும் அவர்கள் சத்தம் போட்டுக் கொண்டாடாமல், குவளைக்குள் சிரித்துக்கொண்டார்கள்.

ஜூன் 15, சனி இரவு

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுவது நல்லது, ஏனென்றால் நாளை இதை நானே எனக்குச் சாதகமாகத் திருத்திக்கொள்ளக்கூடும்.

விடியற்காலை 4:30-க்கு எழுந்தேன். இந்த மாதத்தில் இங்கே 5 மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடுகிறது. பகல் வெயில் நிலத்தைச் சூடாக்கிக் காற்றைக் கிளறிவிடுவதற்கு முந்தைய இந்த இரண்டு மூன்று மணி நேரமும், மாலையில் அது அடங்கிய பிறகு கிடைக்கும் நேரமும்தான் எங்களுக்கு உரியவை. விண்ட்சாக் கம்பத்தோடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. புல்லில் கணுக்கால் நனையும் அளவுக்கு ஈரம். கிழக்கே வானம் தெளிவாக இருந்தது. மேற்கே, மேட்டுக்கு அப்பால், ஈயப் பாத்திரத்தின் அடியைப் போல ஒரு நிறம்.

என் பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவர் பணி ஓய்வு பெற்ற பேருந்து மெக்கானிக்; இருபது ஆண்டுகளாகப் பறப்பவர். மடக்கு நாற்காலியில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்து மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இறக்கையைப் பையிலிருந்து எடுப்பதைக் கண்டதும், "நல்ல காலை" என்றார். பிறகு சிறிது நேரம் கழித்து, "நான் இன்னொரு கோப்பை தேநீர் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்" என்றார். நான் நன்றி சொல்லி, எனக்கு வேண்டாம் என்றேன். பாவம், வயதாகிவிட்டது, குளிருக்குச் சோம்பல்படுகிறார் என்று எண்ணிக்கொண்டேன். சுற்றிலும் பார்த்தால் நரைத்த தலைகள் எல்லாம் நாற்காலியிலும் இளம் தலைகள் எல்லாம் வயலிலும் இருந்தன. அதைக் கண்டும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

இரண்டு இளைஞர்கள் எனக்கு முன்னே அழகாகக் கிளம்பிப் போனார்கள். நான் இறக்கையை விரித்து, கயிறுகளைச் சரிபார்த்து, இயந்திரத்தை மாட்டிக்கொண்டு ஓடத் தொடங்கினேன். காற்றில்லாத நேரத்தில் முன்னோக்கி ஓடித்தான் இறக்கையை எழுப்ப வேண்டும். முதல் நான்கு எட்டுகளில் தயக்கம் கூடாது. இறக்கை பாதி எழுந்தபோது வலப்பக்கமிருந்து மெல்லிய காற்று ஒன்று தொட்டது. அதுவரை இல்லாத திசை. இறக்கை இடப்பக்கமாகச் சாய, அதற்குக் கீழே போய் நிற்பதற்காக நானும் இடப்பக்கம் ஓட, ஈரப்புல்லில் கால் வழுக்கிப் பின்புறமாக உட்கார்ந்துவிட்டேன். விரல் அப்போதும் விசையைக் கூட்டும் த்ராட்டிலை விடவில்லை. கூண்டின் கம்பி தரையில் பட்டு உள்நோக்கி வளைந்ததும், காய்ந்த மட்டையை முழங்காலில் வைத்து முறிப்பதுபோல் ஒரு சத்தம். கார்பன் ப்ரொப்பெல்லரின் ஒரு நுனி நான்கு விரற்கடை நீளத்துக்கு இல்லை. அது எங்கே பறந்து போனது என்று பிறகு தேடியும் கிடைக்கவில்லை.

வயலின் ஓரத்துக்கு எல்லாவற்றையும் இழுத்து வந்து போட்டேன். பேருந்து மெக்கானிக் எழுந்து வந்து இறக்கையின் மறுமுனையைப் பிடித்து மடிக்க உதவினார். என்ன தவறு செய்தாய் என்று கேட்கவில்லை. மடித்து முடிப்பதற்குள் விண்ட்சாக் ஒருமுறை சுற்றிவந்து, பிறகு நேராக நீட்டிக்கொண்டு நின்றது. மேட்டின் மேலிருந்த மரங்கள் முதலில் வெளுத்தன, பிறகு எங்கள் வேலியோர மரங்கள். இலைகளின் அடிப்பக்கம் திரும்பினால் மரம் வெளுத்துத் தெரியும் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

மழை மேகத்துக்குள் மழை விழும்போது அங்கிருக்கும் காற்று குளிர்ந்து கனத்துக் கீழே இறங்குகிறது. ஒரு குடம் நீரைத் தரையில் கொட்டினால் அது எல்லாப் பக்கமும் விரிந்து ஓடுவதுபோல், இறங்கிய குளிர்காற்று தரையில் பட்டு மழைக்கு முன்பாகவே பல கிலோமீட்டர் ஓடி வருகிறது. மழை இன்னும் மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதன் காற்று எங்களிடம் வந்து சேர்ந்துவிட்டது. என் இறக்கையை வலப்பக்கமிருந்து தொட்டது அதன் முன்னோடி.

மேலே இருந்த இருவரில் ஒருவர் உடனே திரும்பி எப்படியோ வயலுக்குள் இறங்கிவிட்டார். மற்றவர் எங்களை நோக்கி முகத்தை வைத்துக்கொண்டு, எங்களை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தார். அறுபது பேரும் நின்று பார்த்தோம், ஒருவரும் பேசவில்லை. அவர் சிறிது சிறிதாக உயரத்தைக் குறைத்துக்கொண்டு, பின்னோக்கியே நகர்ந்து, மூன்றாவது வயலில் ஆடுகளுக்கு நடுவே விழுந்தார். இறக்கை அவரைப் பத்துப் பதினைந்து மீட்டர் இழுத்துப்போய் வேலியில் நிறுத்தியது. முழங்கை சிராய்ந்ததைத் தவிர ஒன்றுமில்லை. அவர் நடந்து வந்து சேர்வதற்குள் மழை கொட்டத் தொடங்கிவிட்டது. அவர் கையில் யாரோ தேநீரைத் திணித்தார்கள். என் ப்ரொப்பெல்லர் முறியாமல் இருந்திருந்தால் நானும் அந்த ஆடுகளுக்கு நடுவே இறங்கியிருப்பேன், அவ்வளவு நன்றாக இறங்கியிருக்கவும் மாட்டேன்.

கொட்டகையில் ஒதுங்கி நின்றபோது மெக்கானிக்கிடம் நேராகவே கேட்டேன்: "இது வரும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா?" அவர் சற்றுச் சங்கடப்பட்டார். "நான் போகப் போவதில்லை என்றுதான் சொன்னேனே" என்றார். தேநீர் என்று அவர் சொன்னதுதான் அது. செங்கோட்டையில் ஒரு மாமா அந்த நாற்காலியில் இருந்திருந்தால், "ஏலே, கிறுக்குப் பயலே, மடக்கி வையிலே அத" என்று வயல் முழுக்கக் கேட்கும்படி கத்தியிருப்பார். நானும் முணுமுணுத்துக்கொண்டே மடக்கி வைத்திருப்பேன். இவர்கள் அடுத்தவனுடைய பறத்தலில் தலையிடுவதை நாகரிகக் குறைவாகக் கருதுகிறார்கள். தான் என்ன செய்யப் போகிறேன் என்பதை மட்டும் சொல்வார்கள். அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த மரியாதை எனக்குப் பிடித்திருக்கிறதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. முந்நூறு பவுண்டுக்கு மேல் ஆகும் ஒரு ப்ரொப்பெல்லரை இழந்த நாளில் அந்த மாமாவின் பக்கம்தான் மனம் சாய்கிறது.

மழை விடாததால் மூன்று பேராக ஒரு வேனில் லட்லோவுக்குப் போனோம். கோட்டை வாசலில் சந்தை கூடியிருந்தது. கித்தான் கூரைகளிலிருந்து நீர் வடிய, வியாபாரிகள் ஒரு குறையும் இல்லாதவர்கள்போல் நின்றார்கள். "வாத்துகளுக்கு நல்ல வானிலை" என்று ரொட்டிக்காரப் பெண்மணி சொன்னார். இது இங்கே மழை பெய்யும்போதெல்லாம் யாராவது ஒருவர் சொல்லியாக வேண்டிய வசனம். இந்த வட்டாரத்துக்கே உரிய ஃபிட்ஜெட் பை என்ற பண்டத்தை 5 பவுண்டு கொடுத்து வாங்கினேன். பன்றித் தொடைக்கறி, ஆப்பிள், வெங்காயம் மூன்றையும் மாவுக்குள் வைத்துச் சுட்டது. உப்பும் இனிப்புமாக, சூடாக, அந்த நேரத்துக்கு அமிர்தம். மஞ்சளும் நீலமுமாக இருக்கும் ஷ்ரொப்ஷயர் ப்ளூ பாலாடைக்கட்டியையும் ஊர்ப்பெருமை என்று எண்ணி வாங்கப் போனேன். அது முதன்முதலில் ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ்ஸில் செய்யப்பட்டது, பெயர் மட்டும்தான் எங்களுடையது என்று விற்பவரே சொல்லிவிட்டார். விற்கிற பொருளைப் பற்றி இப்படி உண்மை பேசுபவரிடம் வாங்காமல் வர முடியவில்லை. கடைக்குள் இருந்த தொலைக்காட்சியில் லண்டனில் மன்னரின் பிறந்தநாள் அணிவகுப்பு நடந்துகொண்டிருந்தது. அங்கேயும் குதிரைகளின் மேல் மழை பெய்தது. வேல்ஸ் இளவரசி தமக்கு நோய் கண்டறியப்பட்ட பிறகு முதன்முறையாகப் பொதுவெளிக்கு வந்திருந்ததால், சந்தைக்கு வந்தவர்கள் குடையை மடக்கிக்கொண்டு கதவருகே நின்று பார்த்தார்கள்.

திரும்பி வந்தபோது என் கூடாரம் படுத்திருந்தது. ஒரு கம்பி முறிந்து, தூங்கும் பை ஒரு பக்கம் நனைந்திருந்தது. நான் வருவதற்குள் யாரோ அதன் மேல் நான்கு கற்களை வைத்து, என் துணிப்பையை எடுத்துக் கொட்டகையில் காய வைத்திருந்தார்கள். யார் என்று கேட்டுப் பார்த்தேன், ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

மாலையில் கொட்டகைக்குள் பத்துப் பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்தோம். வெப்பம் 11 பாகை. ஜூன் மாதம் என்று சத்தியம் செய்தால்தான் நம்பலாம். வீட்டிலிருந்து கொண்டுவந்த புளிக்காய்ச்சலைச் சோற்றில் கிளறி, சிறிய அடுப்பில் அப்பளம் சுட்டேன். மணம் என்ன என்று கேட்டவர்களுக்குப் புளி என்றதும், "அட, வூஸ்டர் சாஸில் இருப்பதுதானே" என்றார் ஒருவர். உண்மைதான், அந்தச் சாஸுக்குப் புளிப்புத் தருபவற்றில் புளியும் ஒன்று, அது பிறந்த வூஸ்டர் நகரமும் இங்கிருந்து தொலைவில்லை. பக்கத்து மாவட்டத்துச் சாப்பாடு என்ற உரிமையோடு ஐந்து பேர் தட்டை நீட்டினார்கள். எனக்கு அரைத் தட்டுதான் மிஞ்சியது.

பேச்சு பழைய காலத்துக்குப் போனது. 1980-இல் மைக் பர்ன் என்ற ஆங்கிலேயர் பாராமோட்டார் என்ற பெயரை வைத்ததையும், பிறகு பிரெஞ்சுக்காரர்கள் பாராகிளைடர் இறக்கையைச் சேர்த்து அதை ஒழுங்காகப் பறக்க வைத்ததையும் சொல்லிச் சிரித்தார்கள். 2016-இல் சாஷா டெஞ்ச் என்ற பெண்மணி ரஷ்யாவின் ஆர்க்டிக் பகுதியிலிருந்து பெவிக் அன்னங்களின் வலசைப் பாதையைத் தொடர்ந்து இங்கிலாந்து வரை பாராமோட்டாரில் வந்ததைப் பற்றி ஒருவர் நீண்ட நேரம் பேசினார். ஆங்கிலக் கால்வாயைப் பாராமோட்டாரில் கடந்த முதல் பெண் அவர்தான். அந்தப் பயணத்தில் பறந்த மணிகளைவிடக் காத்திருந்த மணிகள்தான் அதிகமாக இருந்திருக்கும் என்று மெக்கானிக் சொன்னார். எல்லோரும் தலையசைத்தார்கள், நானும்.

உதிரி பாகங்களோடு வந்திருந்த ஒருவர், தன்னுடைய பழைய மர ப்ரொப்பெல்லர் ஒன்றை எனக்குக் கடன் கொடுத்தார். நீளமும் இயந்திரத்தின் பற்சக்கர விகிதமும் ஒத்துவருகின்றனவா என்று பார்த்த பிறகே கையில் தந்தார். ஆறு போல்ட்டுகளையும் எதிரெதிராக, சிறிது சிறிதாக முறுக்க வேண்டும் என்று கூடவே நின்று செய்துகாட்டினார். பணம் வாங்க மறுத்துவிட்டார். மீதிப் புளிக்காய்ச்சல் பாட்டிலை நீட்டியபோது மட்டும் மறுக்கவில்லை.

நாளைக்கான முன்னறிவிப்பு: எக்ஸ்சி வெதர் தளம் காற்று கூடும் என்கிறது, விண்டி செயலி குறையும் என்கிறது, வானிலைத் துறையின் செயலி ஒரே படத்தில் வெயிலையும் மழையையும் போட்டுத் தப்பித்துக்கொண்டது. விவசாயி தன் மாடுகளைப் பார்த்துவிட்டு வந்து, "பார்க்கலாம்" என்றார்.

ஜூன் 16, ஞாயிறு, பிற்பகல் 4 மணி

நீல வானம், வெள்ளைப் பஞ்சுப் பொதிகள், கழுவி வைத்ததுபோல் குன்றுகள். படம் எடுத்து ஊருக்கு அனுப்பினால், இந்த நாளில் பறக்காதவன் எந்த நாளில் பறப்பான் என்று கேட்பார்கள். காற்று மணிக்கு 15 மைலுக்கு மேல், அதுவும் மேற்கிலிருந்து, வென்லாக் எட்ஜைத் தாண்டி வருகிறது. பாறையைத் தாண்டும் ஆற்றுநீர் மறுபுறத்தில் சுழிப்பதுபோல் மேட்டைத் தாண்டும் காற்றும் மறுபுறத்தில் சுருண்டு புரளும். நாங்கள் இருப்பது அந்த மறுபுறம். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சுழலுக்குள் இறக்கை மாட்டினால் நொடியில் மடிந்துவிடும்.

காலையில் சிலர் இயந்திரம் இல்லாமல், இறக்கையை மட்டும் எழுப்பித் தலைக்கு மேல் நிறுத்திப் பழகினார்கள். நானும் ஒரு மணி நேரம் செய்தேன். கைகள் கடுக்கின்றன. பன்றி இறைச்சி வைத்த பன் 4.50 பவுண்டு, தேநீர் 1.50, வண்டிக்காரர் நேற்றைய மழையில் விற்காததை இன்று விற்றுவிடத் தீர்மானித்து, எல்லோரையும் "அன்பரே" என்று அழைத்துக்கொண்டிருந்தார்.

இன்று இங்கே தந்தையர் தினம், இரவு 8 மணிக்கு இங்கிலாந்துக்கும் செர்பியாவுக்கும் ஆட்டம். இந்த இரண்டும் சேர்ந்து கூட்டத்தைக் கரைத்துவிட்டன. பிற்பகல் 2 மணிக்குள் பாதிக் கூடாரங்கள் இல்லை. என்னுடைய இரண்டு பிள்ளைகளும் தொலைபேசியில் அழைத்து வாழ்த்துச் சொல்லிவிட்டு, எத்தனை முறை பறந்தீர்கள் என்று கேட்டார்கள். ப்ரொப்பெல்லரைப் பற்றி அவர்களுடைய அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னேன்.

சற்று முன்பு ஒரு சிறு சம்பவம். நேற்று ஆடுகளுக்கு நடுவே இறங்கிய இளைஞர் வீட்டுக்குக் கிளம்பும் முன் ஒரே ஒரு சுற்றுப் போய்வர விரும்பினார். இயந்திரத்தைச் சூடேற்றிக்கொண்டு, மெக்கானிக்கிடம், "எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். அவர் மேட்டைப் பார்த்தார், விண்ட்சாக்கைப் பார்த்தார், "நான் என்னுடையதை வேனில் ஏற்றிவிட்டேன்" என்றார். இளைஞர் ஒரு நிமிடம் நின்றுவிட்டு இயந்திரத்தை அணைத்தார். மெக்கானிக்கின் பாராமோட்டார் வேனில் இல்லை, எங்கள் இருவருக்கும் பின்னால் தார்ப்பாயின் கீழே இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

அதே நாள், நள்ளிரவு கடந்து, பர்மிங்காம்

மாலை 7 மணிக்கு நாங்கள் ஒன்பது பேர் மிஞ்சியிருந்தோம். 7:30-க்கு விண்ட்சாக்கின் நுனி தொங்கியது. 7:50-க்கு முழுவதும் தொங்கியது. மேகங்கள் கரைந்து, மேற்கே ஒரு திட்டும் இல்லை. நான் இறக்கையைத் தொடவில்லை, நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 8 மணிக்கு மெக்கானிக் கோப்பையில் மீதியிருந்த தேநீரைப் புல்லில் ஊற்றிவிட்டு எழுந்தார். ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் எழுந்தோம்.

இம்முறை நான்கு எட்டிலேயே இறக்கை தலைக்கு நேராக வந்து நின்றது. மர ப்ரொப்பெல்லரின் ஓசை என்னுடையதைவிடச் சற்றுத் தடித்தது. பத்தாவது எட்டில் புல் காலை விட்டது. தரையை விடும் அந்த நொடியைப் பற்றி எழுதப் பலமுறை முயன்றிருக்கிறேன், சரியாக வந்ததில்லை. கால்கள் இன்னும் இரண்டு எட்டு காற்றில் ஓடிப் பார்க்கின்றன என்பது மட்டும் உறுதி.

முந்நூறு அடி உயரத்தில் காற்று எண்ணெயைப் போல் அசையாமல் இருந்தது. கைப்பிடிகளை விட்டுவிட்டு உட்கார்ந்தேன். கோர்வ் ஆறு ஒவ்வொரு வளைவிலும் ஒரு மின்னல் காட்டித் தெற்கே போனது. அதன் முடிவில் லட்லோ தேவாலயத்தின் கோபுரம் ஊசியாகத் தெரிந்தது. புல் அறுத்த வயல்கள் ஒன்று விட்டு ஒன்று வெளிர், கரும் பச்சைக் கோடுகளாக இருந்தன. ரேடாரின் வெள்ளைக் கும்மட்டம் இளஞ்சிவப்பாகியிருந்தது. சாலையில் ஒரு வண்டிகூட இல்லை. நாடு முழுவதும் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்திருந்த நேரத்தில் இந்தப் பள்ளத்தாக்கை எங்களிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

கிழக்கே ப்ரவுன் கிளீ குன்றின் சரிவில் ஹீத் என்ற இடத்தில் 12-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்று தனியாக நிற்கிறது. நேற்று வேனில் போகும்போது ஒருவர் அதைப் பற்றிச் சொல்லியிருந்தார்: சுற்றிலும் ஊர் கிடையாது, மேய்ச்சல் நிலத்தின் நடுவே ஒற்றைக் கட்டடம். ஆயிரம் அடிக்கு ஏறி, குதிரை லாயங்களைத் தவிர்த்து, அந்தப் பக்கம் போனேன். தரையிலிருந்து பார்த்தால் வெறும் புல்வெளியாகத்தான் இருக்கும். ஆனால் படுக்கைவாட்டில் விழுந்த வெயிலில் அந்தப் புல்லுக்குள்ளிருந்து ஓர் ஊர் எழுந்து வந்தது. சதுரம் சதுரமாக வீட்டு மனைகளின் திட்டுகள், அவற்றுக்கு இடையே பள்ளமாக ஒரு தெரு. இடைக்காலத்தில் மக்கள் விட்டுப்போன ஊரின் தடம் அது. ஒவ்வொரு திட்டுக்கும் ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல். தெருவின் பள்ளத்தில் மூன்று ஆடுகள் படுத்திருந்தன, குளிர்காற்று படாத இடம் என்று அவற்றுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு முறை சுற்றிவந்தேன். மூன்றாவது முறை வந்தபோது வெயில் இன்னும் இறங்கியிருந்தது. நிழல்கள் நீண்டு ஒன்றோடொன்று கலந்து, வீடுகள் எவை, தெரு எது என்று பிரிக்க முடியவில்லை. விரல்கள் குளிரில் மரத்துவிட்டதால் திரும்பினேன்.

வயலுக்கு மேலே வந்ததும் இயந்திரத்தை அணைத்தேன். சத்தம் நின்ற பிறகு கயிறுகளின் மெல்லிய சீழ்க்கையும், கீழே யாரோ வண்டிக்கதவை அடைக்கும் ஒலியும் கேட்டன. மூன்று எட்டில் நின்றேன். மொத்தம் 40 நிமிடம். பெட்ரோல் இரண்டரை லிட்டருக்குள். வேனில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தவர் தலையை நீட்டி, "பெல்லிங்ஹாம், பதின்மூன்றாவது நிமிடம்" என்று இங்கிலாந்து போட்ட கோலைச் சொன்னார். என் 40 நிமிடத்தைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை.

ப்ரொப்பெல்லரைக் கழற்றித் துடைத்துக் கொடுத்துவிட்டு, இருட்டிய பிறகு கிளம்பினேன். மெக்கானிக் கைகுலுக்கி, "மோசமான வார இறுதி இல்லை" என்றார். அது பாராட்டு என்று இப்போது எனக்குத் தெரியும்.

ஜூன் 17, திங்கள்

விடுப்பு எடுத்தது நல்லதாகப் போயிற்று. ஈரத்தோடு மடித்து வைத்தால் இறக்கைத் துணியில் பூஞ்சை பிடிக்கும் என்பதால், காலையில் அதை மாடிப்படிக் கைப்பிடியில் தொடங்கி வரவேற்பறை சோபா வரை விரித்துப் போட்டிருக்கிறேன். பர்மிங்காமில் இன்று காற்றே இல்லை. சன்னல் வழியாகப் பார்த்தால் எதிர்வீட்டுக் கொடியில் ஒரு துணிகூட அசையவில்லை. பயிற்சிப் பள்ளியில் விசாரித்ததில் புதிய ப்ரொப்பெல்லர் வர மூன்று வாரம் ஆகுமாம்.

மனைவி சமையலறைக்குப் போவதற்கு இறக்கையைப் புடவைபோல் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. ப்ரொப்பெல்லரின் விலையைக் கேட்டபோது ஒன்றும் சொல்லவில்லை. இறக்கையின் ஓரத்தில் ஷ்ரொப்ஷயரிலிருந்து வந்திருந்த ஒரு நத்தையைக் கண்டதும்தான் நின்றாள். அதை ஒரு காகிதத்தில் எடுத்துத் தோட்டத்துக் கொத்தமல்லிக்குத் தொலைவில் விட்டுவிட்டு வரச் சொன்னாள்.